அத்தியாயம் 7: கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது?

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ முலுண்டிலோ ஒரு பிளாட்டை வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பத்தார், நான்கு சுவர்களையும் ஒரு கதவையும் விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணி மகிழ்வது இயல்பே. ஆனால் சாவியோடு கூடவே அவர்கள் கைக்கு வருவது ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பங்குப் பத்திரம். அதனால் அவர்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்களாக மட்டும் இராமல், 1960-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்திற்கும், அச்சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற துணைவிதிகளுக்கும் உட்பட்ட அங்கத்தினர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். மொட்டைமாடி, வெளிச்சுவர், மாடிப்படி, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கட்டடத்தின் வெளிப்புறமாக இறங்கும் குழாய்கள் ஆகிய யாவும், சொஸைட்டி என்று எல்லாரும் சுருக்கமாகச் சொல்லும் அந்தச் சங்கத்தின் பராமரிப்பில் இருப்பவை. ஜூன் மாதத்தில் தொடங்கிச் செப்டம்பர் வரை விடாமல் பெய்யும் மழையில் இவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகி, உங்கள் வீட்டுக் கூரைப் பூச்சு உதிர்ந்தாலோ, மர அலமாரி ஊறிப்போனாலோ, கீழே நிறுத்திய காரின் மேல் சுவர்க்காரை விழுந்தாலோ, நஷ்டத்தை ஈடுசெய்யும் பொறுப்பு யாருடையது என்ற விவகாரம் எழுகிறது.

இவ்விவகாரத்தில் எதிர்த்தரப்பில் நிற்பவர் யார் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அக்கிராசனர், செக்ரட்டரி என்று அழைக்கப்படும் காரியதரிசி, பொக்கிஷதார் ஆகிய மூவரையும் கொண்ட நிர்வாகக் குழுவினர், பெரும்பாலும் சம்பளமின்றி, அலுவலகம் போய்வந்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் காரியம் பார்க்கும் உங்கள் அண்டை வீட்டார். அவர்கள் உங்களுக்குக் கொடுக்கக்கூடிய பணமும் அவர்களுடைய சொந்தப் பணமன்று, நீங்கள் உள்பட எல்லா அங்கத்தினரும் மாதந்தோறும் செலுத்திய பொதுப்பணம். ஆகவே உங்களுக்கு ஏற்பட்ட கஷ்டத்தை எவ்வளவு உருக்கமாக எடுத்துரைத்தாலும், அந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்க அவர்களுக்கு ஓர் ஆதாரம் வேண்டும். நாளைக்குப் பொதுக்குழுவில் வேறோர் அங்கத்தினர் எழுந்து கணக்குக் கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும். அந்த ஆதாரத்தை நீங்களே தேடிக் கொடுப்பதுதான் வழக்கைத் தீர்க்கும் வழி. நஷ்டம் எவ்வளவு என்று பேசுவதற்கு முன்னால் நஷ்டத்தின் காரணம் எது என்று ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டுங்கள் என்பதே இவ்வத்தியாயம் முழுவதும் வற்புறுத்தும் கருத்து.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஒழுக்கைக் கண்டவுடன் மேல்வீட்டாரின் குளியலறையைச் சந்தேகிப்பது மனித சுபாவம். மேல்வீட்டாரோ மொட்டைமாடியைக் காட்டுவார். காரியதரிசி, மேல்வீட்டார் சென்ற ஆண்டு குளியலறையை இடித்துப் புதிய ஓடு பதித்ததைக் காட்டுவார். இம்மூவரும் ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டிருக்கும் வரையில் தண்ணீர் தன் பாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் வரும் காலத்தைக் கவனித்தாலே பாதி உண்மை புலப்பட்டுவிடும். மழைக்காலத்தில் மட்டும் ஈரம் தோன்றிக் குளிர்காலத்தில் உலர்ந்துவிடுமானால், மொட்டைமாடியின் நீர்த்தடுப்போ வெளிச்சுவரின் விரிசலோ காரணமாக இருத்தல் கூடும். ஆண்டு முழுவதும் இரவும் பகலும் ஒரே சீராகச் சொட்டுமானால், அழுத்தத்தோடு நீர் ஓடும் குழாய் எங்கேனும் விட்டிருக்கலாம். மேல்வீட்டார் குளிக்கும் வேளையில் தொடங்கிப் பிறகு சிறிது நேரத்தில் நின்றுவிடுமானால், அவர்கள் தரையில் நீர் வடியும் வாயாகிய நஹானி டிராப்பையோ, கழிவுநீர்க் குழாயின் மூட்டையோ, தரைக்கடியில் குழாய்கள் பதிக்கப்பட்ட பள்ளத் தளத்தின் நீர்த்தடுப்பையோ ஆராய வேண்டும்.

மும்பையின் பழைய கட்டடங்களில், உடைந்த செங்கற்களைச் சாந்தில் பதித்து மேலே சிமென்டு பூசிச் சரிவு கொடுக்கும் பிரிக்பேட் கோபா என்ற முறையிலேயே மொட்டைமாடிகள் காக்கப்பட்டு வந்துள்ளன. அதில் ஓரிடத்தில் விரிசல் கண்டால், உள்ளே புகுந்த நீர் செங்கற்களுக்கிடையே ஊறிச் சென்று, விரிசலுக்கு நேர்கீழே இராமல் பல அடி தள்ளி வெளிப்படுவதும் உண்டு. ஆதலால் கறை தெரியும் இடத்தையே காரணத்தின் இடமாகக் கொள்வது தவறு. மொட்டைமாடியின் நீர்ப்போக்கிகளை அடைத்துச் சில அங்குல உயரத்திற்கு நீரைத் தேக்கி, ஒரு நாளோ இரண்டு நாளோ கீழ்வீட்டுக் கூரையைக் கவனிக்கும் பாண்டிங் டெஸ்ட் என்ற சோதனை இச்சந்தேகத்தைத் தீர்க்கும். குளியலறையாயின் அந்நீரில் வண்ணப்பொடியைக் கலந்து பார்ப்பதும் உண்டு. பழைய கட்டடத்தின் தளம் நீரின் பாரத்தைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே இதைச் செய்விக்க வேண்டும்.

செலவு யாருடையது?

காரணம் தெரிந்துவிட்டால், பொறுப்பைப் பிரித்துக் கூறும் வேலையைத் துணைவிதிகள் செய்துவிடும். மகாராஷ்டிர அரசின் மாதிரித் துணைவிதிகளைத் தழுவியே பெரும்பாலான சொஸைட்டிகளின் துணைவிதிகள் அமைந்திருக்கின்றன. அவற்றின்படி, மழைநீரால் ஏற்படும் கசிவும், பொதுக் குழாய்களாலும் பொதுக் கழிவுநீர்க் குழாய்களாலும் ஏற்படும் கசிவும் சொஸைட்டியின் செலவில் சரிசெய்யப்பட வேண்டியவை. மொட்டைமாடியின் வழியாக மழைநீர் இறங்கியதால் கடைசி மாடி வீட்டின் கூரையும் அதன் பூச்சும் கெட்டிருந்தால், அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் சொஸைட்டியையே சாரும். வீட்டுக்குள் இருக்கும் கழிப்பறை, தொட்டி, அடுக்களைக் குழாய் முதலியவற்றால் ஏற்படும் கசிவை அந்தந்த அங்கத்தினரே சரிசெய்துகொள்ள வேண்டும். எனவே மேல்வீட்டுக் குளியலறைதான் காரணம் என்று நிரூபணமானால், நஷ்டஈட்டைக் கேட்க வேண்டியது மேல்வீட்டு அங்கத்தினரிடம். ஆயினும் சொஸைட்டி வெறும் பார்வையாளராக விலகி நிற்க இயலாது. பழுதைப் பார்வையிடுவதற்காக முன்னறிவிப்புக் கொடுத்து எந்த வீட்டிற்குள்ளும் நுழையும் அதிகாரம் நிர்வாகத்திற்குத் துணைவிதிகளால் அளிக்கப்பட்டிருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பிரயோகிக்கும்படி நீங்கள் கோரலாம்.

இருவகையிலும் அடங்காத வழக்குகளும் உண்டு. வெளிச்சுவர் சொஸைட்டியுடையது; ஆனால் அதில் துளையிட்டுக் கம்பிக்கூண்டு பொருத்தியவரும், குளிர்சாதனப் பெட்டியின் குழாய்க்காகச் சுவரைக் குடைந்தவரும், ஜன்னலுக்கு மேலுள்ள சஜ்ஜாவில் பூந்தொட்டிகளை அடுக்கியவரும் நீங்களாகவே இருந்தால், கசிவுக்கு நீங்களும் உடந்தை என்ற வாதம் எழும். புகார் எழுதுவதற்கு முன்பே உங்கள் பக்கத்து ஓட்டைகளை நீங்களே பார்த்து அடைத்துவிடுவது விவேகம்.

பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அறிந்திருத்தல் நலம். மாதாந்திரப் பில்லில் பழுதுபார்ப்பு நிதி என்றும், பெரும்பழுதுகளுக்காகச் சேர்த்துவைக்கும் சிங்கிங் ஃபண்ட் என்றும் இரண்டு இனங்கள் காணப்படும். மாதிரித் துணைவிதிகளின்படி, முன்னது பிளாட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதம், பின்னது குறைந்தது 0.25 சதவீதம். “நிதி இல்லை” என்று நிர்வாகம் கூறுமானால், இவ்விரண்டும் ஒழுங்காக வசூலிக்கப்பட்டனவா என்பதை ஆண்டறிக்கையைப் பார்த்துப் பணிவாகக் கேட்கலாம். கட்டடம் 15 ஆண்டுகளைக் கடந்ததாயின் 5 ஆண்டுக்கு ஒருமுறையும், 30 ஆண்டுகளைக் கடந்ததாயின் 3 ஆண்டுக்கு ஒருமுறையும், கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் நடந்திருக்க வேண்டும். அதன் அறிக்கையில் உங்கள் தலைக்கு மேலுள்ள தளத்தைப் பற்றி முன்னரே எச்சரிக்கை இருந்தால், அதைவிட வலிமையான சாட்சியம் வேறு கிடைக்காது.

ஆதாரங்களைத் திரட்டுதல்

கறையையும் சேதமான பொருளையும் தூரத்திலிருந்து ஒன்றும் அருகிலிருந்து ஒன்றுமாகப் படமெடுத்து, தேதி பதிந்த மூலக்கோப்புகளை அழிக்காமல் கைப்பேசியிலேயே வைத்திருங்கள்; வழக்கு நீதிமன்றம் வரையில் செல்லுமானால், 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு வேண்டும் சான்றிதழுடன் அவற்றைத் தாக்கல் செய்ய நேரும். எந்த நாளில் மழை பெய்தது, எந்த வேளையில் சொட்டியது, யார் வந்து பார்த்தார் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் அன்றன்றே எழுதி வருவது, பிற்காலத்தில் நினைவிலிருந்து சொல்லும் நூறு சொற்களைவிட மேலானது. அதன்பின் காரியதரிசியையும், வேண்டுமானால் மேல்வீட்டாரையும் அழைத்து, பிளம்பர் அல்லது பொறியாளர் முன்னிலையில் ஒரு கூட்டுப் பார்வையிடலை நடத்துங்கள். கண்டவை இன்னின்ன என்று அரைப்பக்கத்தில் எழுதி, வந்தவர் யாவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். பொறுப்பு யாருடையது என்பதை அக்காகிதத்தில் எழுதாமல் கண்ணால் கண்டதை மட்டும் எழுதினால், கையொப்பமிட ஒருவரும் தயங்கமாட்டார்கள்.

நஷ்டத்தின் அளவைக் கணக்கிடுவதிலே நேர்மை மிகமிக அவசியம். பூச்சு, வர்ணம், மின்சார வேலை ஆகியவற்றிற்கு இரண்டு கான்ட்ராக்டர்களிடம் எழுத்து மூலமான மதிப்பீடு வாங்குங்கள். பத்து ஆண்டு உழைத்த அலமாரிக்குப் புது அலமாரியின் விலையைக் கேட்பது, நியாயமான மற்றத் தொகைகளின் மீதும் சந்தேகத்தை வரவழைக்கும். தேய்மானத்தைக் கழித்துக் காட்டுவதே அறிவுடைமை. சேதமான பொருளை எவரும் பார்வையிடுவதற்கு முன் குப்பையில் எறிந்துவிடலாகாது. நஷ்டம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமையும் ஆகும்; ஒழுகும் இடத்திற்குக் கீழே கம்ப்யூட்டரை வைத்துவிட்டு அதற்கும் ஈடு கேட்டால் எந்த மன்றமும் ஏற்காது. காருக்கோ வீட்டுப் பொருள்களுக்கோ இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனிக்கு உடனே தெரிவியுங்கள். அங்கே பெற்ற தொகையைச் சொஸைட்டியிடம் இரண்டாம் முறை கேட்க இயலாது. ஈடாகாமல் எஞ்சியதை மட்டுமே கேட்கலாம்.

எழுத்து மூலமான புகார்

லிஃப்டில் சந்தித்தபோது சொன்னதும், வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டதும் சட்டப்படி புகார் ஆகமாட்டா. அங்கத்தினர் எழுத்து மூலம் தரும் புகாரை நிர்வாகக் குழு தன் அடுத்த கூட்டத்தில் எடுத்து முடிவு செய்து, அதன் பின் 15 நாட்களுக்குள் பதில் தெரிவிக்க வேண்டும் என்பது மாதிரித் துணைவிதிகளின் ஏற்பாடு. பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலும், வெளியேயுள்ள அதிகாரியையோ மன்றத்தையோ அணுகும் உரிமை அங்கத்தினருக்கு உண்டாகிறது. ஆகவே கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகைச் சீட்டுடன் கூடிய தபாலில் அனுப்புங்கள். வாடகைக்கு இருப்பவராயின், அங்கத்தினரான வீட்டுக்காரரின் கையொப்பத்தோடு கடிதம் செல்ல வேண்டும். கடிதம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படலாம். அதன் சாரம் பின்வருமாறு இருக்கட்டும்:

“காரியதரிசி அவர்களுக்கு, வணக்கம். எங்கள் பிளாட்டின் படுக்கையறைக் கூரையில் ஜூன் மாத இறுதியிலிருந்து மழை பெய்யும் நாட்களில் நீர் கசிகிறது. தாங்களும் பொறியாளரும் வந்து பார்த்தபோது எழுதிய குறிப்பின் நகலையும், படங்களையும், இரண்டு மதிப்பீடுகளையும் இணைத்துள்ளேன். பொறியாளரின் அபிப்பிராயத்தில் மொட்டைமாடியின் நீர்த்தடுப்பு பழுதடைந்திருப்பதே காரணம். ஆகையால், முதலாவதாக, மழை நிற்கும் வரையில் அவ்விடத்தைத் தார்ப்பாய் கொண்டு தற்காலிகமாக மூடும்படியும், இரண்டாவதாக, மழை நின்றதும் நிரந்தரமாகப் பழுதுபார்க்கும் தேதியைத் தெரிவிக்கும்படியும், மூன்றாவதாக, கூரைப் பூச்சையும் வர்ணத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் அலமாரியின் நஷ்டத்தையும் ஈடுசெய்யும்படியும் கேட்டுக்கொள்கிறேன். இதை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, முடிவை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கோரிக்கைகளின் வரிசை கவனிக்கத்தக்கது. ஒழுக்கை நிறுத்துவது முன்னும், பணம் பின்னும் வைக்கப்பட்டிருக்கின்றன. முதற்கோரிக்கையை எந்த நிர்வாகமும் மறுப்பது கடினம். அதை ஒப்புக்கொண்டு ஆளை அனுப்பிய நிர்வாகம், காரணம் மொட்டைமாடியில் இருக்கிறது என்பதையும் தன் செய்கையாலேயே ஒப்புக்கொண்டதாகிறது.

பொதுக்குழுவும் பருவமும்

நிர்வாகக் குழு தன் விருப்பப்படி செலவிடக்கூடிய தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. மொட்டைமாடி முழுவதற்கும் புதிதாக நீர்த்தடுப்புச் செய்யும் அளவுக்குச் செலவு ஏறினால், பொதுக்குழுவின் அங்கீகாரமும் டெண்டரும் வேண்டியிருக்கும். இதைத் தட்டிக்கழித்தல் என்று கருதிக் கோபம் கொள்ளலாகாது. வருடாந்திரப் பொதுக்குழு செப்டம்பர் 30-ஆம் தேதிக்குள் கூடியாக வேண்டும் என்று சட்டம் விதித்திருப்பது, கசிவால் வருந்துவோருக்குத் தற்செயலாகக் கிடைத்த ஓர் அனுகூலம் என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் அம்மாதத்தில் கூரைக் கறைகள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் நிலையில் இருக்கின்றன, அதற்குப் பின் வரும் எட்டு மாதங்கள் வேலை செய்வதற்கு உகந்த உலர்ந்த மாதங்களாகவும் இருக்கின்றன. ஆகஸ்டிலேயே உங்கள் விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க எழுதிக் கொடுத்து, இதே கஷ்டத்தை அனுபவிக்கும் மற்றக் கடைசி மாடி வீட்டாரையும் சேர்த்துக்கொண்டால், தனிமனிதரின் முறையீடு கட்டடத்தின் தேவையாக மாறும். ஏப்ரலில் நினைவு வந்து மே மாதத்தில் வேலையைத் தொடங்கினால், அரைகுறையாகப் பெயர்த்த தளத்தின் மேல் மழை இறங்கி, இருந்த நிலைமையும் கெடும்.

சொஸைட்டிக்கு வெளியே

உள்ளே நியாயம் கிடைக்காதபோது எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். கூட்டுறவுத் துறையின் துணைப் பதிவாளர் அலுவலகம், சட்டமும் துணைவிதிகளும் விதித்த கடமையை நிறைவேற்றும்படி சொஸைட்டிக்குக் கட்டளையிடலாம். பொதுக்குழுவைக் கூட்டாமை, ஆவணங்களைக் காட்ட மறுத்தல் முதலிய குறைகளுக்கு அதுவே உரிய இடம். ஆனால் உங்களுக்கு இவ்வளவு ரூபாய் நஷ்டம் என்று விசாரித்துத் தீர்ப்பளிக்கும் வேலை துணைப் பதிவாளருடையதன்று. உள்வீட்டுப் பழுது, கசிவு ஆகியவை பற்றி அங்கத்தினருக்கும் சொஸைட்டிக்கும் இடையே எழும் வழக்குகள், சட்டத்தின் 91-ஆம் பிரிவின்கீழ்க் கூட்டுறவு நீதிமன்றத்தைச் சார்ந்தவை. மழை வருமுன் பழுதுபார்க்கும்படி இடைக்கால உத்தரவும் அங்கே கேட்கலாம். கட்டடத்தின் உறுதிக்கே அபாயம் என்று தோன்றினால் மாநகராட்சியின் வார்டு அலுவலகத்திற்கு எழுத வேண்டும்.

கட்டணம் பெற்றுப் பராமரிப்புச் சேவை செய்யும் ஸ்தாபனம் அதில் குறைவைத்தது என்ற முறையில், நுகர்வோர் ஆணையத்தை நாடிக் கடைசி மாடி வீட்டார் நஷ்டஈடு பெற்ற சந்தர்ப்பங்களும் உள்ளன. அவ்வழியை நாடுவோர் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச்செய்ய வேண்டும். கட்டடம் புதிதாயிருந்து, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை வெளிப்பட்டால், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, அறிவித்த 30 நாட்களுக்குள் செலவின்றிச் சரிசெய்து தரும் பொறுப்பு பில்டருடையது. அப்போது சொஸைட்டியோடு சண்டையிடாமல் அதையும் துணை சேர்த்துக்கொண்டு, அச்சட்டத்தின்கீழ் அமைந்த மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையமான மஹாரேராவிடம் செல்வதே முறை. ஒரே பரிகாரத்தை இரண்டு மன்றங்களில் ஒரே சமயத்தில் கேட்பது வழக்கைப் பலவீனப்படுத்தும். எதற்கும் முன்னால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம் லோக் அதாலத்தில் சமரசத்திற்கு முயலலாம். அங்கே கட்டணமில்லை, இரு தரப்பும் ஒப்பிய முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமானது.

செய்யத் தகாதவை

நஷ்டஈடு வரும் வரையில் மாதாந்திரக் கட்டணத்தை நிறுத்திவைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் உபாயம். அதுவே முதலில் விலக்க வேண்டிய உபாயமும் ஆகும். வட்டி ஏறுவதோடு, பாக்கிதாரர் என்ற பெயர் ஏற்பட்டு, பதிவாளரின் வசூல் சான்றிதழ் மூலம் சொஸைட்டி உங்கள் மீது நடவடிக்கை எடுக்க வழி பிறக்கும். வாதியாக இருந்தவர் பிரதிவாதியாகிவிடுவார். கட்டணத்தைச் செலுத்தி, உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துவதாக ஒரு வரி எழுதி வைப்பதே போதும். மொட்டைமாடியையோ பொதுக் குழாயையோ அனுமதியின்றி நீங்களே ஆள் வைத்துப் பழுதுபார்ப்பதும் தகாது. கூரைத் துண்டு விழும் அபாயம் போன்ற அவசரம் நேர்ந்தால், எழுத்து மூலம் அறிவித்துவிட்டு, தாங்கல் கொடுப்பது போன்ற தற்காலிகக் காப்பை மட்டும் செய்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மேல்வீட்டுக்குச் செல்லும் தண்ணீர்க் குழாயை மூடுவதும், நிர்வாகிகள் கையாடிவிட்டார்கள் என்று ஆதாரமின்றி வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதும், நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே உங்களைக் குற்றவாளியாக்கும் காரியங்கள்.

சமரச ஒப்பந்தம்

பெரும்பாலான வழக்குகள் பேச்சிலேயே முடிகின்றன. முடிந்த பேச்சு எழுத்தில் ஏறாமையால் மறு ஆண்டு மீண்டும் முளைக்கின்றன. கசிவின் காரணம், செய்ய வேண்டிய வேலை, கான்ட்ராக்டர் தரும் உத்தரவாதத்தின் காலம், வேலை முடியும் தேதி, கொடுக்கும் தொகை, அது காசோலையாகவா மாதாந்திரப் பில்லில் கழிவாகவா என்பது, இதை ஏற்ற நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் எண் ஆகிய யாவும் ஒரே பத்திரத்தில் இருக்க வேண்டும். மேல்வீட்டாரோடு செலவைப் பாதிக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் பல சொஸைட்டிகளில் உண்டு. அது சட்டத்தின் கட்டளையன்று, மனமொத்த ஏற்பாடு என்பதால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. நீர்த்தடுப்பு முடிந்த மறுவாரமே சுவருக்கு வர்ணம் பூசிவிட்டு, “எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்ந்தன” என்ற வாசகத்தின் கீழ்க் கையொப்பமிடச் சொல்வார்கள். ஊறிய சுவர் உலர்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். செய்த வேலை பலித்ததா என்பதையோ அடுத்த மழைதான் சொல்லும். ஆகையால் தொகையின் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்டு, பூச்சுக்கும் வர்ணத்திற்கும் உரிய பகுதியை மட்டும் அடுத்த செப்டம்பர் முடியும் வரையில் நிலுவையில் வைக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். நிர்வாகத்திற்கு இதனால் இழப்பேதும் இல்லை. சரியாக வேலை செய்யாத கான்ட்ராக்டரை உத்தரவாதக் காலத்திற்குள்ளேயே திரும்ப அழைக்க அவர்களுக்கும் அது காரணமாக அமையும்.